மண்டையோட்டுப் படம் பிரேம் போட்ட கதை, 3.5 ஸ்டார்

நாகர்கோவில் வடசேரி பக்கம் ஒரு பிரேம் கடைல போன மாசம் ஒரு படம் பிரிண்ட் போட்டு பிரேம் பண்ணேன். ஹார்மன் ஸ்டீன்விக்னு ஒரு டச்சுக்காரர் 1640 வாக்குல வரைஞ்சது, ஒரிஜினல் லண்டன் நேஷனல் கேலரில இருக்கு. மேசை மேல மண்டையோடு, வாட்ச், புத்தகம், புல்லாங்குழல், ஜப்பான் வாள், பெரிய சிப்பி ஒண்ணு. எல்லாம் ஒருநாள் போயிரும்ங்கறதுதான் சங்கதி. பைபிள்ல பிரசங்கி புத்தகத்துல "மாயை, மாயை, எல்லாம் மாயை"ன்னு வரும்லா, அந்த வசனத்துல இருந்துதான் இந்த மாதிரி படங்களுக்கு வானிடாஸ்னு பேரு வந்துச்சு, லத்தீன்ல மாயைன்னு அர்த்தம்.

அந்தச் சிப்பி அப்ப அங்க பெரிய பணக்காரன் வீட்டுலதான் இருக்கும், நாம கன்னியாகுமரி கடற்கரைல பேரம் பேசி வாங்கி டிவி பக்கத்துல வெச்சிருக்கோம். 1741ல குளச்சல் சண்டைல திருவிதாங்கூர்கிட்ட தோத்தாங்களே அதே டச்சுக் கம்பெனி கப்பல்லதான் இப்படி கிழக்குச் சாமானெல்லாம் அங்க போகும், அந்தச் சண்டைல பிடிபட்ட கம்பெனி ஆளு டிலனாய் கல்லறை இப்ப நம்ம உதயகிரி கோட்டைல கெடக்கு.

பிரேம் வேல கொள்ளாம். கருப்பு பீடிங், மூலை ஜாயிண்ட்ல நகம்கூட போகல, பின்னாடி ஹார்ட்போர்டு சுத்தி டேப் ஒட்டிருக்காங்க, நம்ம கடக்காத்துக்கு அது இல்லன்னா ஒரே மழைல பூசணம்தான்.

பிரிண்ட்தான் சொதப்பல். "படம் ஒரே இருட்டா கெடந்துச்சு மக்கா, வெளிச்சம் ஏத்திருக்கேன்"ன்னு அண்ணன் பெருமையா நீட்டுறாரு. சவம், அந்த இருட்டுதானே படமே! மேல இருந்து வெளிச்சம் சரிஞ்சு மண்டையோட்டுல விழும், அது சுவத்தோட சுவரா வெளுத்துப் போச்சு, அதவிட அப்பதான் அணைஞ்ச விளக்குல இருந்து நூல் மாதிரி ஒரு புகை எழும்பும், அதக் காணவே இல்ல. புகை இல்லன்னா அது சும்மா ஒரு விளக்கு. போன்ல பெருசாக்கி காட்டினேன், கொஞ்ச நேரம் பாத்தாரு, "இப்பதாம்ல அணைஞ்சிருக்கு"ன்னாரு, வேற பேசல, ரெண்டு நாள் கழிச்சு வேற அடிச்சுத் தந்தாரு, காசும் வாங்கல. இந்தத் தடவ புகை இருக்கு.

அம்மா ஹால்ல மாட்ட விடல, கம்ப்யூட்டர் டேபிளுக்கு மேலதான் தொங்குது. போறவங்க படத்தோட ஃபைல வாட்ஸப்ல அனுப்பாம பென்டிரைவ்ல கொண்டு போங்க, கலர்ல கை வைக்காதீங்கண்ணேன்னு முதல்லயே சொல்லிருங்க.