பித்தநாள ஸ்கேன்: எந்த கான்ட்ராஸ்ட் எதற்கு?

கல்லீரலில் இருந்து பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் பித்தநாளத்தைப் படம் பிடிக்க கான்ட்ராஸ்ட் ஊசி, அதாவது படத்தில் உறுப்பை எடுப்பாகக் காட்டும் மருந்து, தேவையா? பெரும்பாலும் தேவையில்லை. எம்ஆர்சிபி எனப்படும், பித்தநாளத்துக்கான எம்ஆர்ஐ ஸ்கேனில் அந்த வேலையைப் பித்தநீரே பார்த்துக்கொள்கிறது. நாளத்தில் நிற்கும் நீர் பளீரென்று வெள்ளையாகத் தெரியும். கல் இருந்தால் அதற்குள் கறுப்பாக உட்கார்ந்திருக்கும். கதிர்வீச்சும் கிடையாது. இரைப்பை, சிறுகுடலில் உள்ள நீரும் அதே மாதிரி வெளுத்து நாளத்தை மறைப்பதுதான் தொல்லை. அதற்கு அன்னாசிச் சாறு குடிக்கக் கொடுக்கும் வழக்கம்கூட உண்டு. அதிலுள்ள மாங்கனீசு அந்த வெளிச்சத்தை அமுக்கிவிடும்.

ஆனால் நீர் எங்கே நிற்கிறது என்பதைத்தான் எம்ஆர்சிபி காட்டும். எங்கே போகிறது என்பதைக் காட்டாது. பித்தப்பையை எடுத்த பிறகு வயிற்றுக்குள் நீர் தேங்கியிருக்கிறது என்று வையுங்கள். அது கசிந்த பித்தமா, வேறு ஏதாவதா? இரண்டும் ஒரே வெள்ளைதான். இந்தக் கேள்விக்குத்தான் கல்லீரல் வழியே வெளியேறும் காடோலினியம் மருந்துகள் (காடோலினியம் என்ற உலோகம் கலந்த எம்ஆர்ஐ கான்ட்ராஸ்ட்) வேண்டும்.

அவற்றில் முக்கியமானவை இரண்டு. காடாக்ஸெட்டேட், ஐரோப்பாவில் பிரிமோவிஸ்ட் என்ற பெயரில் கிடைப்பது. உடலில் ஏற்றியதில் ஏறக்குறைய பாதியைக் கல்லீரல் செல்கள் இழுத்துப் பித்தத்தில் விடும், மீதி சிறுநீரில் போகும். 20 நிமிடத்தில் நாளம் ஒளிர ஆரம்பிக்கும். கசிவு இருந்தால் மருந்து நாளத்துக்கு வெளியே சேருவது அப்படியே தெரியும். மற்றது மல்டிஹான்ஸ் எனப்படும் காடோபெனேட். அதில் 3 முதல் 5 சதவீதம்தான் கல்லீரலுக்குள் போகிறது. பித்தநாளப் படத்துக்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். ரத்தக்குழாய் படங்களுக்கு அது நல்ல மருந்துதான். பித்தக் கசிவைத் தேட என்றால் நான் காடாக்ஸெட்டேட் பக்கம்தான்.

அதற்கும் குறைகள் உண்டு. ஊசி போட்ட சில நொடிகளில் சிலருக்கு மூச்சுப் பிடிக்க முடியாமல் போய், மருந்து தமனிகளில் ஓடும்போது எடுக்கும் முதல் கட்டப் படம் கலங்கிவிடும். அப்புறம், பித்தத்தில் மருந்து சேர்ந்துவிட்டால் சாதாரண எம்ஆர்சிபி படம் கெடும். அதனால் அதை முதலிலேயே எடுத்துவிட வேண்டும். 2017-இல் ஐரோப்பிய மருந்து முகமை நேர்ச்சங்கிலி வகை (மூலக்கூறு வளையமாக இல்லாமல் நீளச் சங்கிலியாக இருக்கும்) காடோலினியம் மருந்துகள் பலவற்றை நிறுத்திவைத்தபோது, இந்த இரண்டையும் கல்லீரல் ஸ்கேனுக்கு மட்டும் அனுமதித்தது.

பெரிய சிக்கல் மஞ்சள் காமாலை. காமாலையில் உடலை மஞ்சளாக்கும் பிலிருபின் என்ற நிறமி ரத்தத்தில் ஏறிவிட்டால் கல்லீரல் மருந்தைச் சரியாக இழுக்காது, பித்தத்திலும் விடாது. நாளம் அடைத்திருக்கும் நோயாளிக்குத்தான் படம் அவசரம். அவருக்கே மருந்து கைகொடுக்காது. கல்லீரல் வழியே பித்தத்துக்குப் போகும் அயோடின் ஊசி போட்டு எடுக்கும் சிடி கொலாஞ்சியோகிராமுக்கும் (பித்தநாள சிடி ஸ்கேன்) இதே கதிதான். மெல்லிய கிளைகளைக்கூடத் துல்லியமாகக் காட்டும் முறை அது. ஆனால் கதிர்வீச்சும் உண்டு, ஒவ்வாமை பயமும் உண்டு.

வாய் வழியே எண்டோஸ்கோப் குழாயை விட்டுச் செய்யும் இஆர்சிபியில் மருந்து கல்லீரலை நம்பி இருப்பதில்லை. அந்தக் குழாய் வழியே அயோடின் மருந்தை நேராக நாளத்துக்குள்ளேயே செலுத்துவதால் காமாலை தடையில்லை. கணைய அழற்சி வரலாம் என்பதால் வெறும் படத்துக்காக இதில் இறங்கக் கூடாது. கல்லை எடுக்கவோ, ஸ்டென்ட் வைக்கவோ வேண்டும் என்று தெரிந்தால் தாராளமாகச் செய்யலாம்.