மாவுக்கட்டுக்கு முழு மதிப்பெண், காலணிக்குப் பாதிதான்

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனை, பாதம் உள்நோக்கி வளைந்து பிறக்கும் குழந்தைகளுக்கென வாரம் ஒரு நாள் ஒரு சிகிச்சைப் பிரிவை நடத்துகிறது. அந்தப் பிரிவைப் பற்றியும், அங்கே இலவசமாகத் தரப்படும் கம்பி வைத்த காலணியைப் பற்றியுமான மதிப்புரை இது. என் தங்கை மகனுக்கு இரண்டு பாதங்களும் வளைந்திருந்தன. காதுகுத்துக்கு மருமகனை மடியில் உட்கார வைக்க வேண்டிய தாய்மாமனாகிய நான், அதற்கு வெகு முன்பே மாவுக்கட்டுக்காக அவனை மடியில் வைத்துக்கொள்ள நேர்ந்தது. குறைகளையும் சொல்லப்போவதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். கட்டுப் போடும் திறமையில் இந்தப் பிரிவு எந்த மாநகர மருத்துவமனைக்கும் இளைத்ததன்று. ஆனால் கட்டுகள் முடிந்தபின் வீட்டில் நான்கைந்து ஆண்டுகள் நடக்க வேண்டிய சிகிச்சைக்கு அது தரும் துணை போதாது. நோய் திரும்புவதும் திரும்பாததும் அந்த ஆண்டுகளில்தான் தீர்மானமாகிறது என்பதால் இதைச் சிறு குறையாக என்னால் கருத இயலவில்லை.

வளைபாதம், அதாவது கிளப்ஃபுட், ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு ஏற்படுகிறது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் இரு மடங்கு காணப்படுகிறது. ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இரு கால்களிலும் இருக்கிறது. உள்ளங்கால் குழிந்து, முன்பாதம் உட்புறம் திரும்பி, குதிகால் உள்ளே சாய்ந்து, கணுக்கால் கீழ்நோக்கி இறுகி நிற்கும் நான்கு கோளாறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இத்தகைய குழந்தைகளில் பெரும்பாலோருக்கு உடலில் வேறு குறை எதுவும் இருப்பதில்லை. எங்கள் வீட்டில், கிரகணத்தன்று வெளியே வந்ததால்தான் இப்படி ஆயிற்று என்று தங்கையின் மாமியார் பக்கத்து உறவினர்கள் பேசத் தொடங்கியிருந்தனர். முதல் சந்திப்பிலேயே மருத்துவர் அந்த மாமியாரையும் எதிரே அமர வைத்து, கிரகணத்துக்கும் பாதத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று பொறுமையாக விளக்கினார். இது சிகிச்சைக் குறிப்பேட்டில் ஏறாத வேலை. என் கணக்கில் இதற்குத் தனி மதிப்பெண் உண்டு.

அங்கே பின்பற்றப்படுவது பொன்செட்டி முறை. எலும்பு மருத்துவர் இக்னாசியோ பொன்செட்டி (நம் பழைய பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்ட அதே 1914 இல், இன்னொரு தீவான ஸ்பெயினின் மெனோர்காவில் பிறந்தவர்) உள்நாட்டுப் போருக்குப்பின் நாட்டைவிட்டு வெளியேறி, மெக்சிகோ வழியாக 1941 இல் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். அறுவை செய்யப்பட்ட வளைபாதங்கள் வயது ஏறும்போது விறைத்து வலி கொடுப்பதைக் கண்ட அவர், 1940களின் இறுதியில் தம் முறையை வகுத்தார். அவருக்கு முன்பு பரவலாக இருந்த ஹிராம் கைட்டின் முறையிலும் மாவுக்கட்டுதான் உண்டு; ஆனால் அதில் பாதத்தின் வெளிப்புற நடுப்பகுதியில் விரலை ஊன்றியே முன்பாதத்தைத் திருப்பினார்கள். அந்த அழுத்தம் குதிகால் எலும்பைச் சுழலவிடாமல் தடுத்ததால், மாதக்கணக்கில் கட்டுப் போட்டும் கால் முழுமையாகத் திருந்தவில்லை. தாலஸ் என்னும் கணுக்கால் எலும்பின் தலைப்பகுதியில் விரலை ஊன்றி, அதன்கீழ் பாதம் முழுவதையும் வெளிப்புறமாகச் சுழற்ற வேண்டும் என்றார் பொன்செட்டி. விரல் ஊன்றும் இடம் ஓர் அங்குலத்துக்கும் குறைவாக நகர்ந்ததில் ஒரு நோயின் வரலாறே மாறிவிட்டது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

1963 இல் அவர் தம் முடிவுகளை வெளியிட்டபோது மருத்துவ உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவரிடம் சிகிச்சை பெற்றவர்களைச் சுமார் 30 ஆண்டுகளுக்குப் பிறகு தேடிப் பரிசோதித்த ஆய்வு 1995 இல் வெளிவந்தது. அவர்களில் 78 சதவீதம் பேரின் பாதங்கள் நன்று அல்லது மிக நன்று என்ற நிலையில் இருந்தன. பிறவிக் கோளாறே இல்லாதவர்களை அதே அளவுகோலால் அளந்தபோது அந்த விகிதம் 85 சதவீதமாக இருந்தது என்பதை வைத்துப் பார்த்தால்தான் இந்த எண்ணின் அருமை விளங்கும். ஷஃபீக் பிரானி என்ற மருத்துவர் எம்ஆர்ஐ படங்களின் துணையோடு, கட்டுப் போடப்போட எலும்புகளின் நிலை மட்டுமன்றி வடிவமும் சீராவதைக் காட்டினார். பச்சிளங்குழந்தையின் கணுக்கால் எலும்புகள் பெரும்பாலும் குருத்தெலும்பாகவே இருப்பதால் இது நிகழ்கிறது. ‘ஆறு மாதம் போகட்டும், பார்க்கலாம்’ என்று காத்திருப்பது ஏன் தவறு என்பதற்கும், எண்ணெய் தேய்த்துக் காலை உருவிவிடுவது ஏன் போதாது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. உருவிவிட்ட கை எடுத்தவுடன் பாதம் பழைய இடத்துக்கே போய்விடும், கட்டு அதை ஒரு வாரம் பிடித்து வைத்திருக்கும்.

இனி இந்தப் பிரிவின் வேலைக்கு வருகிறேன். கட்டுப் போடும் நாளன்று குழந்தையைப் பசியோடு கொண்டுவரச் சொல்கிறார்கள். கட்டுப் போடும் வேளையில் பால் கொடுத்தால் கால் தளர்ந்து கிடக்கும் என்பதே காரணம். ஒருவர் பாதத்தைப் பிடிக்க, இன்னொருவர் மெல்லிய பஞ்சுப் பட்டியின்மேல் மாவுத்துணியைச் சுற்றுகிறார். முழங்காலைச் செங்கோணத்தில் மடக்கித் தொடை வரை கட்டுகிறார்கள். முழங்காலுக்குக் கீழ் மட்டும் கட்டினால் அது நழுவிவிடும், பாதமும் வெளிப்புறமாகச் சுழன்ற நிலையில் நிற்காது. விலை கூடிய ஃபைபர் கட்டைக் கேட்ட ஒரு தந்தையிடம், சாதாரண மாவுக்கட்டுதான் பாதத்தின் மேடுபள்ளத்துக்கு ஏற்பப் படியும் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். ஒவ்வொரு வாரமும் கட்டைப் பிரித்தவுடன் பிரானி வகுத்த ஆறு அடையாளங்களுக்கு மதிப்பிட்டு அட்டையில் எழுதுகிறார்கள். ஆறு என்றால் மிக மோசம், பூச்சியம் என்றால் இயல்பான பாதம். எழுதப் படிக்கத் தெரியாத தாய்கூட எண் இறங்குவதைப் பார்த்துத் தெம்படைகிறாள்.

முந்தைய இரவே வீட்டில் கட்டை ஊறவைத்துப் பிரித்துக்கொண்டு வராதீர்கள் என்பதில் அவர்கள் மிகவும் கண்டிப்பானவர்கள். கட்டில்லாமல் கழியும் ஓர் இரவில், அந்த வாரம் கிடைத்த திருத்தத்தில் ஒரு பங்கு போய்விடும். கோடையில் குடிநீருக்கே குடத்தோடு நிற்கும் பகுதி இது. ஆயினும் கட்டு ஊறுவதற்கான தண்ணீரை மருத்துவமனையே வாளிகளில் பிடித்து வைத்திருக்கிறது. கால்விரல்கள் கட்டுக்குள் மறைந்துவிட்டாலோ, அழுத்திவிட்ட விரலில் இரத்தம் திரும்பாமல் வெளுத்தோ நீலமாகவோ இருந்தாலோ அடுத்த முறைக்குக் காத்திராமல் உடனே வரச் சொல்கிறார்கள். காத்திருக்கும் இடம்தான் மோசம். மின்விசிறி போதாது, தாய்மார் பால் கொடுக்க மறைவிடம் இல்லை.

பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்தாறு கட்டுகளில் பாதம் திரும்பிவிடுகிறது. எங்கள் பிள்ளைக்கும் அப்படித்தான். பிறகு இறுகிய குதிகால் தசைநாணை, மரத்துப்போகும் ஊசி போட்டு, சிறு கத்தியால் வெட்டி விடுகிறார்கள். பத்தில் எட்டு ஒன்பது குழந்தைகளுக்கு இது தேவைப்படுகிறது. நரம்பை வெட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு எங்கள் வீட்டில் ஒருநாள் முழுக்க அழுகை. வெட்டுவது நரம்பையன்று, தசைநாணை என்பதையும், வெட்டிய இடம் மூன்று வாரத்தில் தேவையான நீளத்தோடு தானே கூடிவிடும் என்பதையும் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த அழுகையைத் தவிர்த்திருக்கலாம். அந்த மூன்று வாரமும் கடைசிக் கட்டு இருக்கும்.

அதற்குப்பின் வருவது காலணி. உகாண்டாவில் பணியாற்றிய மைக்கேல் ஸ்டீன்பீக் உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டு செய்யுமாறு வடிவமைத்த மாதிரியை ஒட்டியது அது. விரல்பக்கம் திறந்த இரண்டு தோல் காலணிகள், தோள் அகலத்துக்கு ஒரு கம்பியில் பிணைக்கப்பட்டிருக்கும். வளைந்திருந்த பாதம் 70 பாகை வெளிநோக்கியும், ஒரு பாதம் மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் மற்றது 30 முதல் 40 பாகையிலும் நிற்கும். குதிகால் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பார்க்கப் பின்புறம் ஒரு துளை விட்டிருக்கிறார்கள். எளிய ஏற்பாடு, மிகுந்த பயனுள்ளது. முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், அதன்பின் நான்கு அல்லது ஐந்து வயது வரை தூங்கும் நேரம் முழுவதும் இதை அணிவிக்க வேண்டும். அணிவித்த குடும்பங்களில் சுமார் 6 சதவீதம் பேருக்கே வளைவு திரும்பியது, அணிவிக்காத குடும்பங்களில் 80 சதவீதத்துக்கும் மேல் திரும்பியது என்று ஐயோவா குழுவினர் பதிவு செய்திருக்கிறார்கள். மாவுக்கட்டின் வெற்றியைக் காப்பாற்றுவது இந்தத் தோலும் கம்பியும்தான்.

பொருள் என்ற அளவில் காலணியின் தையல் உறுதியானது, உள்தோல் மென்மையானது. ஆனால் இது உப்புக்காற்று வீசும் ஊர்களுக்காகச் செய்யப்பட்டதாகத் தெரியவில்லை. பெயின்ட் உரிந்த இடங்களில் கம்பி துருப்பிடிக்கிறது, வார்ப்பூட்டு இறுகிக்கொள்கிறது, ஐப்பசி கார்த்திகை மழையில் தோலில் பூஞ்சை பூக்கிறது. கம்பிக்கு மீண்டும் பெயின்ட் அடித்து, பழைய பருத்தி வேட்டித் துண்டைச் சுற்றி வைத்தோம். குழந்தை காலை உதைக்கும்போது தன் தொடையிலும் தாய்மீதும் இடித்துக்கொள்ளாமலும் இருந்தது. நடுவாரை இறுக்கிக் கட்டுவதுதான் முக்கியம்; அது தளர்ந்தால் குதிகால் மேலேறி, பின்புறம் கொப்புளம் வரும். கொப்புளத்தைக் கண்டவுடன் வாரைத் தளர்த்தத் தோன்றும். செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறானது.

இதை எனக்குத் தெளிவாகச் சொன்னவர் மருத்துவமனை ஊழியர் அல்லர். கீழக்கரையிலிருந்து மூத்த பிள்ளையைக் காட்ட வந்திருந்த ஒரு தாய். “முதல் மூணு நாள் அழுவான் தங்கச்சி. அழுறான்னு கழட்டிட்டா, அழுதா கழட்டுவாங்கன்னு அவனுக்குத் தெரிஞ்சு போயிடும்” என்று என் தங்கையிடம் சொன்னார். இரண்டு காலையும் சேர்த்து உதைக்கக் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பழக்க வேண்டும் என்று செய்தும் காட்டினார். மருத்துவமனை தரும் துண்டுப் பிரசுரமோ, கம்பித் தொட்டிலையும் காரின் குழந்தை இருக்கையையும் பற்றிப் பேசுகிறது. திருப்பாலைக்குடியிலும் தங்கச்சிமடத்திலும் பிள்ளைகள் உறங்குவது சேலைத் தூளியில். கம்பியோடு தூளியில் கிடத்தினால் துணி இருபுறமும் நெருக்குகிறது, கம்பி சிக்கிக்கொள்கிறது. ஆகவே பலர் காலணியைக் கழற்றிவிட்டுத் தூளியில் போடுகிறார்கள். எந்த நேரத்துக்காகக் காலணி கொடுக்கப்பட்டதோ அந்த நேரமே போய்விடுகிறது. தூளியின் விளிம்புகளுக்கிடையே அகலமான மூங்கில் கம்பு கொடுக்கலாம், அல்லது பாயில் படுக்க வைத்துப் பழக்கலாம் என்று பிரசுரத்தில் இரண்டு வரி சேர்ப்பதற்குச் செலவே இல்லை.

இதைவிடப் பெரிய குறை, அடுத்த அளவுக் காலணி கையிருப்பில் இல்லாமல் போவது. விரல்கள் விளிம்பைத் தாண்டியபின் எங்களை அடுத்த வாரம் வரச் சொன்னார்கள், அடுத்த வாரமும் அப்படியே சொன்னார்கள். அந்த இடைவெளியில் தங்கை பட்ட கவலை கொஞ்சமன்று. வராமல் நின்றுவிட்ட குடும்பங்களைத் தொலைபேசியில் அழைக்கவும் அங்கே ஆள் இல்லை. தந்தையர் கடலில் இருக்கும் குடும்பங்கள் இவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் தந்தைமார் கூட வருகிறார்கள், மற்ற மாதங்களில் தாய் ஒருத்தியே பேருந்து மாறி மாறி வர வேண்டியிருக்கிறது. யார் வரவில்லை என்று பார்த்துக் கூப்பிடும் ஒரே ஓர் ஊழியரை நியமித்தால், இன்னொரு எலும்பு மருத்துவரை நியமிப்பதைவிட அதிகப் பயன் கிடைக்கும் என்பது என் கருத்து.

பெரியவர்களுக்கு இந்தப் பிரிவில் செய்யக்கூடியது குறைவு. பாதத்தின் வெளிவிளிம்பால் நடந்து பழகிய ஒரு நடுவயது மீனவரை மதுரைக்கு அனுப்பி வைத்தார்கள். எலும்பு முற்றிய வயதில் மூட்டுகளை இணைக்கும் அறுவையோ, ரஷ்யாவின் குர்கானில் இலிசரோவ் உருவாக்கிய வளையச் சட்டத்தால் சிறிது சிறிதாகத் திருப்பும் முறையோதான் வழி. நடக்கத் தொடங்கிவிட்ட பிள்ளைகளை மட்டும் யாரும் கைவிட வேண்டாம். கட்டுகளின் எண்ணிக்கை கூடினாலும் அவர்களுக்கும் பொன்செட்டி முறை பலன் தருகிறது.

போக விரும்புவோருக்குச் சில செய்திகள். குழந்தைகளின் பிறவிக் குறைகளையும் நோய்களையும் கண்டறிய 2013 இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற நடுவண் அரசுத் திட்டத்தின் நோய்ப் பட்டியலில் வளைபாதமும் இருப்பதால், அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடமோ மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்திலோ கேட்டாலும் அருகிலுள்ள சிகிச்சைக்கு வழிகாட்டுவார்கள். பிறந்த முதல் சில வாரங்களுக்குள் போவது நல்லது. எந்த மருத்துவமனைக்குப் போனாலும், தசைநாணை வெட்டும் நாளன்றே காலணிக்கு அளவெடுத்துவிட்டார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடைசிக் கட்டுப் பிரிக்கும் நாளில் காலணி தயாராக இல்லாவிட்டால் வெறுங்காலோடு வீட்டுக்குத் திரும்பாதீர்கள். காலணி வரும்வரை இன்னொரு கட்டுப் போட்டுவிடச் சொல்லுங்கள், கேட்டால் போட்டுத் தருகிறார்கள்.