வன்னியில் புதிதாகச் சுயதொழில் தொடங்கியவருக்கு வீட்டு உதவி: பிரதேச செயலகச் சேவை எப்படி இருக்கிறது?

வாடகை வீட்டிலிருக்கும் ஏழைக் குடும்பத்துக்கு மாதாமாதம் வாடகைப் பணம் தரும் திட்டம் இலங்கையில் இல்லை. லண்டனிலிருந்து பேசும் உறவினர் "உங்கை கவுன்சிலிலை போய்க் கேட்டுப் பாருங்கோவன்" என்று சொல்வது அங்குள்ள நடைமுறையை மனதில் வைத்துத்தான். பிரித்தானியாவில் வேலை செய்யும் வயதினருக்கு யுனிவர்சல் கிரெடிற் என்ற மாதக் கொடுப்பனவுக்குள்ளேயே வாடகைக்கும் ஒரு பங்கு வருகிறது. இங்கே கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ தையல், பிளொக் கல் அரிதல், ஓட்டோ, கோழி வளர்ப்பு என்று புதிதாகச் சொந்தத் தொழிலில் இறங்கியவர் வீட்டுக்காக அரசிடம் எதிர்பார்க்கக்கூடியவை மூன்று: வீட்டுத்திட்ட மானியம், வீடமைப்புக் கடன், அஸ்வெசும என்ற மாதாந்த நலன்புரிக் கொடுப்பனவு. மூன்றுக்கும் ஏறவேண்டிய முதல் படி ஒன்றுதான்: விதானையார் (கிராம அலுவலர்), அடுத்து பிரதேச செயலகம். இந்த மதிப்பீடு அந்தச் சேவையைப் பற்றியது.

ஆள் யார், குடும்பத்தில் எத்தனை பேர், காணி யாருடையது என்பவற்றைச் சரிபார்ப்பதில் இந்தச் சேவை நல்ல சேவை. விதானையாருக்கு ஊர் தெரியும்; பொய் நிற்காது, உண்மைக்கும் சாட்சி கிடைக்கும். வருமானத்தை அளப்பதில்தான் சறுக்குகிறது. சம்பளக்காரர் சம்பளத் துண்டை நீட்டிவிட்டுப் போவார். தொழில் தொடங்கி ஆறு மாதம்கூட ஆகாதவருக்குப் படிவத்தில் இருப்பது ஒரே ஒரு கட்டம்: மாத வருமானம். அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் "ஒரு முப்பது, முப்பத்தஞ்சு வரும்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்வதில் தொடங்குகிறது சிக்கல். அந்த ஒரு எண் விதானையாரின் கடிதத்தில் ஏறும், பிரதேச செயலாளரின் மேலொப்பம் பெறும், பிறகு எல்லாக் கோவைகளிலும் உட்கார்ந்துகொள்ளும். கடனுக்குப் போகும்போது அதே எண் குறைவாகத் தெரியும், உதவிக்குப் போகும்போது கூடத் தெரியும். இரண்டு இடத்தில் இரண்டு எண் சொன்னால் இரண்டு கோவையும் நிற்கும்.

சொல்லவேண்டியது கைக்கு வந்த மொத்தக் காசை அல்ல, தொழிற் செலவு போக மிஞ்சியதை. உதாரணத்துக்கு ஒரு தையல்காரரை எடுப்போம். மாதத்தில் வாங்கிய கூலியும் விற்ற உடுப்பும் சேர்ந்து 52,000 ரூபா. அதில் துணி, லைனிங் 11,500; நூல், பொத்தான், சிப் 3,200; மின்சாரம் 2,300; மெசின் திருத்தம் 1,000; சாமான் எடுக்க பஸ் 2,000. செலவு 20,000. வருமானம் 32,000. மொத்த வரவான 52,000ஐ எழுதிவிட்டு, பிறகு "அதிலை செலவு இருக்கு ஐயா" என்று மேசையில் நின்று சொல்வதில் பயனில்லை. எழுத்தில் ஏறியதுதான் கணக்கு. மெசினை லீசிங்கில் எடுத்திருந்தால் தவணையை இந்தச் செலவோடு கலக்காமல் தனி வரியாகக் காட்டுங்கள். அது கடன், தொழிற் செலவு அல்ல. ஆனால் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதை அதைப் பார்க்காமல் யாரும் விளங்கிக்கொள்ள முடியாது.

இதற்கு வேண்டியது ஒரு சி.ஆர். கொப்பி. இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு, ஒவ்வொரு நாளும் திகதியோடு. பற்றுச்சீட்டுகளை மாதவாரியாகக் கடித உறைகளில் போட்டு வையுங்கள். தொழில் தொடங்கிய அன்றே வங்கியில் ஒரு சேமிப்புக் கணக்கைத் தொழிலுக்கென்றே ஒதுக்கி, சிறு தொகையானாலும் கிழமைக்கு ஒரு தடவை வைப்பிலிடுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு வரியும் உங்கள் பக்கம் பேசும். வன்னியில் வருமானம் பருவத்தோடு ஏறி இறங்குகிறது என்பதையும் மறக்கவேண்டாம். மாசி, பங்குனியில் காலபோக நெல் வெட்டிய கையோடு ஊரில் காசு புழங்கும். தையலும் மில்லும் கடையும் அப்போது நன்றாக ஓடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் படுத்துவிடும். அறுவடை மாதத்தில் கணக்கெடுக்க வந்தவருக்கு அந்த மாத எண்ணை மட்டும் சொல்பவர் தன்னைத்தானே வசதிக்காரராக்கிக்கொள்கிறார். கொப்பியைக் காட்டி ஆறு மாதச் சராசரியைச் சொல்லுங்கள்.

வரி வந்துவிடுமோ என்று பயந்து கணக்கு எழுதாதவர்களும் இருக்கிறார்கள். 2025 ஏப்ரலிலிருந்து தனிநபர் வரி விலக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா, அதாவது மாதத்துக்கு 150,000. மேலே சொன்ன தையல்காரர் அந்த எல்லைக்குப் பக்கத்திலும் இல்லை.

பிரித்தானிய முறையில் இந்த இடத்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. அங்கே புதிதாகச் சுயதொழில் தொடங்கியவருக்கு 12 மாதம் தொடக்கக் காலமாகக் கிடைக்கும். அது முடியும்வரை "குறைந்தது இவ்வளவு உழைத்திருப்பாய்" என்று வைத்துக்கொண்டு உதவியைக் குறைப்பதில்லை. மாதாமாதம் வந்த காசையும் போன செலவையும் அறிவித்தால் அதை வைத்தே கணக்கிடுகிறார்கள். நமது முறையில் அப்படியொரு முதல் வருட அவகாசம் இல்லை. இங்கே கொண்டுவரவேண்டிய மாற்றம் ஒன்றே ஒன்றென்றால் அது இதுதான்.

அடுத்தது காணி. மானியமும் கடனும் கடைசியில் இதில்தான் வந்து நிற்கும். வன்னியில் குடியேற்றத் திட்டக் காணிகளில் பெரும்பகுதி அரச காணி, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்டது. முதலில் அனுமதிப்பத்திரம், ஊரில் சொல்வதுபோல் பேமிற். நிபந்தனைகளை நிறைவேற்றிய பிறகு அளிப்பு, அதாவது உரிமைப் பத்திரம். பேமிற் அப்பாவின் பெயரில் இருந்து, அவர் இறந்து, பின்னுரித்தாளர் பெயர் மாற்றப்படாமல் கிடப்பது மிகப் பொதுவான தடங்கல். மகன் அதே வளவில் இருபது வருடம் குடியிருந்தாலும் கோவைக்கு அவர் காணிக்காரர் அல்ல. ஆகவே வீட்டுத்திட்டம் அறிவிக்கும்வரை காத்திருக்காமல் பெயர் மாற்றத்தை இப்போதே தொடங்குங்கள். மரணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், பேமிற் மூலப்பிரதி, விதானையாரின் உறுதிப்படுத்தல், மற்றச் சகோதரர்களின் சம்மதம் ஆகியவற்றோடு காணிக் கிளைக்குப் போகவேண்டும். இடப்பெயர்வில் பேமிற் தொலைந்தவர்கள் மனம் தளர வேண்டாம். பிரதேச செயலகத்தில் காணிப் பேரேடு இருக்கும். பேமிற் இலக்கம் தெரியாவிட்டாலும் பழைய பெயரையும் திட்டத்தின் பெயரையும் வைத்துத் தேடச் சொல்லலாம். போருக்குப் பின்னான வடக்கு, கிழக்குக் காணிச் சிக்கல்களுக்கென்றே 2013/01 இலக்கக் காணிச் சுற்றறிக்கை வந்தது. அதன் கீழ் அப்போது படிவம் கொடுத்திருந்தால் அந்தத் துண்டைத் தேடியெடுத்துக் கொண்டுபோங்கள்.

பெயர் எழுத்துகளையும் பாருங்கள். அடையாள அட்டையில் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் ஒரு மாதிரி, பேமிற்றில் முதலெழுத்து இல்லாமல் ஒரு மாதிரி என்று இருந்தால் பணம் வரும் கட்டத்தில் திரும்பிப்போகும். சமாதான நீதவான் முன் செய்யும் சத்தியக் கடதாசி சில இடங்களில் போதும், வங்கிக்குப் போதாது. வங்கிக் கணக்கை அடையாள அட்டைப்படி திருத்துவதே சுருக்கமான வழி.

மானியத்தைப் பற்றி. வன்னியில் அதிகமானோர் அறிந்தது இந்திய வீட்டுத்திட்டம். வடக்கு, கிழக்குக்கான அதன் பெரிய கட்டம் 2012 ஒக்ரோபர் 2ஆம் திகதி தொடங்கியது. புது வீட்டுக்கு 550,000 ரூபா, திருத்தத்துக்கு 250,000 ரூபா, பயனாளியின் வங்கிக் கணக்குக்கே கட்டம் கட்டமாக வந்தது. வீட்டுக்காரரே கட்டுவிக்கும் அந்த முறை நல்ல முறை. ஒப்பந்தகாரர் கட்டிக் கொடுத்த வீட்டைவிட உறுதியான வீடுகள் அதில் எழும்பின. ஆனால் தினக் காசில் வாழும் சுயதொழிலாளருக்கு அதில் ஒரு மறைந்த செலவு உண்டு. மேசனுக்குப் பக்கத்தில் நின்று சாமான் எடுத்துக் கொடுக்கும் நாளெல்லாம் தொழில் இல்லாத நாள். அடுத்த கட்டக் காசு, முந்திய கட்டத்தைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்த்துக் கையெழுத்து வைத்த பிறகே வரும். இடைவெளியில் சீமெந்தும் மணலும் விலை ஏறும். அந்த இடைவெளியை நகை அடகாலும் நுண்கடனாலும் நிரப்பியவர்கள்தான் வீடு கிடைத்தும் கடனாளிகளானார்கள். பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் வரையான நுண்கடன்களை 2018இல் அரசே தள்ளுபடி செய்ய வேண்டிவந்ததை நினைவில் வையுங்கள். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் கிழமைத் தவணைக் கடன் எடுக்கவே வேண்டாம். வேலையை நிறுத்தி வைப்பது மேல்.

உத்தியோகத்தர் கட்டத்தைத் திருப்பியனுப்பும் காரணங்கள் சிலவே: அத்திவாரம் ஆழம் போதாது, ஈரம் மேலேறாமல் போடும் டீபீசீ இல்லை, லின்ரல் என்ற கொங்கிறீற்றுப் பட்டியை யன்னல்களுக்கு மேல் மட்டும் போட்டு வீட்டைச் சுற்றவில்லை, சரியாக இறுகாத பச்சைக் கல்லால் கட்டியிருக்கிறது. கல் அரிந்து ஏழு நாளாவது தண்ணீர் குடிக்க வேண்டும். 16க்கு 8 அங்குல முகமுள்ள கல்லென்றால், அரை அங்குலச் சாந்தோடு, நூறு சதுர அடிச் சுவருக்கு 103 கல் போகும். 22க்கு 25 அடி வீடு, அதாவது 550 சதுர அடி, ஒன்பது அடிச் சுவர், உள்ளே 45 அடி நீளச் சுவர், கதவு யன்னலுக்கு 150 சதுர அடி கழித்தால் ஏறக்குறைய 1,100 சதுர அடிச் சுவர் வரும். உடைவோடு 1,200 கல் கணக்கு வையுங்கள். கல் அரியும் தொழில் செய்பவருக்கு இது பெரிய மிச்சம். அத்திவாரமும் சுவரும் புரட்டாதிக்குள் முடியவேண்டும். மழை தொடங்கி ஆறு ஓடினால் மணல் கிடைப்பதும் கடினம், ஏற்றிவரப் பாதையும் இராது. மணலுக்கு அனுமதி உள்ள வாகனத்தில் கியூப் கணக்கில் பற்றுச்சீட்டோடு எடுங்கள். அனுமதியில்லா மணல் வழியில் மறிபட்டால் கட்டிய காசும் போய்விடும்.

அஸ்வெசும 2023 யூலையிலிருந்து கொடுக்கப்படுகிறது. 2025 தொடக்கத்தில் வறிய பிரிவுக்கு 10,000, மிக வறிய பிரிவுக்கு 17,500 ரூபா வரை உயர்த்தப்பட்டது. இது வீட்டு உதவி அல்ல. ஆனாலும் வாடகையோ கூரைத் தகரமோ வாங்கக் கைகொடுக்கும் நிலையான காசு இதுவே. தெரிவு 22 குறிகாட்டிகளால் நடக்கிறது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு எல்லாம் பார்க்கப்படும். சுயதொழிலாளரை அடிப்பவை மின்சாரமும் வாகனமும். வீட்டு மீற்றரிலேயே தையல் மெசினும் குளிர்சாதனப் பெட்டியும் அரைக்கும் இயந்திரமும் ஓடினால், பட்டியலில் அது வசதியான வீட்டின் பாவனையாகத் தெரியும். தொழில் பெருத்துவிட்டால் தனி இணைப்பு எடுப்பதே நல்லது. அதுவரை கணக்கெடுப்பவரிடம் இயந்திரத்தைக் காட்டி, தொழிலுக்கு ஓடும் மின்சாரம் என்பதைக் குறிப்பில் எழுதுவியுங்கள். லீசிங் ஓட்டோவோ லாண்ட்மாஸ்டரோ (இரு சக்கர உழவு இயந்திரம்) நின்றால் லீசிங் ஒப்பந்தப் பிரதியையும் மிச்சத் தவணைக் கணக்கையும் எடுத்து வையுங்கள். ஒளித்து வைத்தால் ஊரில் யாராவது ஆட்சேபம் எழுதுவார்கள். பட்டியல் பகிரங்கமாக ஒட்டப்படும்.

கடன் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தொழில் பெயர்ப் பதிவு இல்லாமல் கேட்கப் போகாதீர்கள். பிரதேச செயலகத்திலேயே பதியலாம்: அடையாள அட்டை, விதானையார் அறிக்கை, தொழில் நடக்கும் இடத்தின் பேமிற் அல்லது வாடகை ஒப்பந்தம். சாப்பாட்டுத் தொழிலுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கையும் சேரும். அளிப்புக் காணியை ஈடு வைக்கப் பிரதேச செயலாளரின் அனுமதி எழுத்தில் வேண்டும். நினைத்த நிதிக் கம்பனிக்கெல்லாம் வைத்துவிட முடியாது. பெரும்பாலும் இரண்டு பிணையாளர்கள் கேட்பார்கள்.

எங்கும் பற்றுச்சீட்டு இல்லாத கட்டணம் கட்ட வேண்டாம். படிவம் நிரப்பித் தருகிறேன், பெயரைப் போட்டுத் தருகிறேன் என்று வருபவருக்கு இந்தத் தெரிவில் எந்த அதிகாரமும் இல்லை. கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்துக்கும் இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் திகதி முத்திரை வாங்குங்கள்.

பட்டியலில் பெயர் வராவிட்டால் முதலில் மேன்முறையீடு, அதுவும் அறிவித்த திகதிக்குள். ஏன் வரவில்லை என்று வாய்மொழியாகக் கேட்டால் "புள்ளி காணாது" என்ற பதில்தான் கிடைக்கும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேளுங்கள்: எனக்கு எத்தனை புள்ளி, எந்த விபரத்துக்கு எவ்வளவு, எந்தத் திகதியில் யார் பதிந்த தரவு. கொடுக்கிறோமா மறுக்கிறோமா என்பதை 14 வேலைநாளுக்குள் அவர்கள் அறிவிக்க வேண்டும். பிழை எந்த வரியில் என்று தெரிந்த பிறகு, கொப்பியையும் வங்கிப் புத்தகத்தையும் அந்த வரிக்கு நேரே இணைத்து அனுப்புங்கள்.