லாடமில்லாக் குதிரைக்கு எப்பாக்ஸி குளம்புப் பூச்சு: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்தவை

லாடம் அடிக்காத குதிரையைத் தார்ச்சாலையிலும் சரளையிலும் ஓட்டினால் குளம்பு வளர்வதைவிடத் தேய்வது அதிகமாகிவிடும். குளம்புச் சுவர் மாதத்துக்கு ஏறத்தாழ 6 முதல் 10 மில்லிமீட்டர்தான் வளரும். இந்த இடைவெளியை ஈடுகட்டத்தான் பிசினையும் இறுக்கியையும் கலந்து பூசும் இரு பாக எப்பாக்ஸி பூச்சு. கோடையிலும் மழையிலும் பயன்படுத்தியதில் தெரிந்தது: பூச்சு நிற்பதும் உரிவதும் குளம்பின் ஈரத்தைப் பொறுத்தது.

குளம்பு சீவிய அன்றே பூசுங்கள். புதிதாக அரம் போட்ட பரப்பில் பிடிப்பு நன்றாக இருக்கும். குளம்பின் அடிப்பரப்பான அடித்தட்டில் பொடியாக உதிர்வதை மட்டும் குளம்புக் கத்தியால் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, 80 எண் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவவே கூடாது. குளம்பு நுண்குழல்கள் நிறைந்த கொம்புப்பொருள்; உறிஞ்சிய ஈரத்தை மெதுவாகத்தான் விடும். மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும், உள்ளே ஈரம் இருந்தால் சில நாளில் பூச்சு ஓரத்திலிருந்து தகடாகக் கிளம்பிவிடும். மழைக்காலத்தில் முந்தைய இரவே உலர்ந்த மரத்தூள் மேல் நிறுத்துவது பெரிதும் உதவும். குளம்பு எண்ணெய் பூசும் வழக்கம் இருந்தால் சில நாட்களுக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். கடைசியாக அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியானபின் விரல் படாமல் பூச்சைத் தொடங்க வேண்டும்.

ஒரு குளம்புக்குத் தேவையான அளவை மட்டும் கலக்குங்கள். கிண்ணத்தில் மொத்தமாகக் கிடக்கும் கலவை தன் சூட்டிலேயே சீக்கிரம் இறுகும். நம் வெயிலில் இன்னும் வேகம். சுவரின் தரை படும் விளிம்பு, சுவரும் அடித்தட்டும் சேரும் வெள்ளைக்கோடு, அதையொட்டிய அடித்தட்டு ஓரம் ஆகிய இடங்களில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லியதாக இழுத்தால் போதும். தடிமனாகப் பூசினால் இறுகும்போது வரும் சூடு மெல்லிய அடித்தட்டுக்கு ஆகாது, மேடான இடம் அழுத்தி நொண்டவும் வைக்கும். கையுறை கட்டாயம், எப்பாக்ஸி தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வரும். ஒட்டும் பதம் வந்ததும் பாலித்தீன் தாளைச் சுற்றிக் காலை இறக்கலாம். அன்று சவாரி வேண்டாம்.

குளம்படியின் நடுவிலுள்ள முக்கோண மெத்தையையும் அதன் இரு பக்கப் பள்ளங்களையும் மூடக்கூடாது. அங்கே அழுகலை உண்டாக்கும் கிருமிகள் காற்றில்லாத இடத்தில்தான் பெருகும். கெட்ட வாடை, கறுப்புக் கசிவு, குளம்பில் சூடு இவற்றில் எது இருந்தாலும் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பூச்சால் சீழ் மூடிக்கொண்டால் வலி பன்மடங்காகும்.

உடல் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில் விழுவதால் அவற்றின் முனையில்தான் முதலில் பூச்சு தேயும். அங்கே மட்டும் உப்புத்தாள் போட்டு மேல்பூச்சு கொடுத்தால் போதும். பின்னங்கால் பூச்சு பெரும்பாலும் அடுத்த சீவல்வரை தாங்கும். கூர்ங்கற்கள் நிறைந்த நீண்ட பாதைக்கு இது போதாது. அதற்குக் குளம்பு பூட்ஸ்தான்.