கிளிக்கு ஹார்னஸ்: ரெண்டு மாடல் போட்டுப் பாத்தாச்சு, பக்கிள் வெச்சது வேணாம்

சன் கான்யூர் (மஞ்சளும் ஆரஞ்சுமா இருக்கற சின்ன வெளிநாட்டுக் கிளி) வெச்சிருக்கறவங்க யாராவது ஹார்னஸ், அதாவது வெளிய கூட்டிட்டுப் போகும்போது பறந்து போகாம இருக்க உடம்புல மாட்டற பட்டை, தேடிகினு இருந்தா இத படிச்சிட்டு அப்புறம் காசு போடுங்க. வேலூர்ல பெட் ஷாப்ல போய் கேட்டா நாய்க்குட்டி பெல்ட்டத்தான் எடுத்துக் காட்றாங்க, அதனால ஆன்லைன்ல தான் வாங்கியாகணும். நான் வாங்கினது ரெண்டு. ஒண்ணு 400 ரூபாய் சில்லறைக்கு வந்த பக்கிள் டைப், கழுத்துக்கு ஒரு வளையம், ரெக்கைக்கு அடியில ஒரு வளையம். இன்னொண்ணு ஏவியேட்டர்னு ஒரு மாடல், வெளிநாட்டு சாமான், வெலைய பாத்து வீட்ல ஒரு வாரம் பேச்சு வாங்கினேன்.

பக்கிள் டைப்ப பத்தி சீக்கிரமா சொல்லி முடிச்சிடறேன். பிளாஸ்டிக் பக்கிள் சரியா நெஞ்சுக்கிட்ட வந்து உக்காருது, எங்க கிளி மிட்டாய்க்கு அது கடிக்க கெடச்ச பொம்மை, குனிஞ்சி குனிஞ்சி கடிச்சி ஓரத்த சொரசொரன்னு ஆக்கிடுச்சு. ரெக்கை அடிக்க அடிக்க பட்டை தானா லூஸ் ஆகுது. மாட்டும்போது டப்புனு ஒரு சத்தம் வேற, அதுக்கே பறவை அரண்டு போகுது. இதுல பாக்கெட்ல ஒரு பேப்பர் வெச்சிருக்கான் பாருங்க, டவல்ல கிளிய சுத்தி மல்லாக்க படுக்க வெச்சி மாட்டணுமாம், அஞ்சு நிமிஷத்துல வேலை முடியுமாம்! அப்படி ஒரு தடவ அமுக்கிப் பிடிச்சா அப்புறம் உங்க கைய பாத்தாலே கூண்டு மூலைக்கு ஓடும்.

அமுக்கறது ஏன் ஆபத்துன்னா, பறவைக்கு நமக்கு இருக்கற மாதிரி உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னாடி பின்னாடி அசைஞ்சாதான் மூச்சே ஓடும். கையால நெஞ்ச அழுத்தினாலும் ஹார்னஸ் டைட்டா இருந்தாலும் மூச்சு முட்டிடும். கால்ல சங்கிலி போடறதும் வேணவே வேணாம், திடீர்னு பறந்தா மொத்த இழுப்பும் அந்த குச்சிக்கால்ல தான் விழும்.

ஏவியேட்டர்ல பக்கிளே கிடையாது, ஒரே நாடா. தலைய விட்டு ரெக்கைய எடுத்து அப்புறம் இழுத்து சரி பண்ணணும். லீஷ், அதாவது நாம கைல பிடிக்கற கயிறு, எலாஸ்டிக், அதனால பயந்து பறந்தாலும் வெடுக்குனு இழுக்காது, கொடுத்த காசு இதுக்கே சரியா போச்சு. சைஸ் எடைய பாத்து வாங்கணும், சன் கான்யூர் சுமாரா 100லேருந்து 120 கிராம் இருக்கும், சமையல்கட்டு டிஜிட்டல் தராசுல நிக்க வெச்சி பாத்துட்டே ஆர்டர் போடுங்க.

குறைன்னா அந்த தலை வளையம் தான். கிளி தானா தலைய உள்ள விட்டாதான் உண்டு, நாம போய் மாட்ட முடியாது. மொதல்ல கூண்டுக்கு பக்கத்துல சும்மா தொங்க விட்டேன், அத பாத்து சாதாரணமா இருந்தா ஒரு சூரியகாந்தி விதை. அப்புறம் அலகால தொட்டா விதை. அதுக்கப்புறம் வளையத்துக்கு அந்தப் பக்கம் விதைய பிடிச்சிகினு உக்காந்துட வேண்டியது தான், எடுக்கணும்னா தலைய நீட்டித்தான் ஆகணும். இதுக்கு நடுவுல தனியா ரெக்கைய தூக்கிப் பாக்கறது, மடிக்கறதுன்னு கை பழக்கமும் பண்ணணும், ஏன்னா அடுத்த சண்டை அங்க தான். கழுத்து சிலிர்த்து கண்ணு மணி சின்னதும் பெருசுமா ஆனா அன்னிக்கு மூட்டை கட்டிடுங்க. வாரக்கணக்குல ஆகும், சில பறவைக்கு மாசக்கணக்கு. சூரியகாந்தி இதுக்கு மட்டும் தான், கிண்ணத்துல எப்பவும் கொட்டி வெச்சா அது எதுக்கு உங்க பேச்ச கேக்கப் போகுது?

ராணிப்பேட்டைல தோல் வேலை பாக்கற சொந்தக்காரப் பையன், 'அண்ணா, எதுக்கு அவ்ளோ காசு, நான் லெதர்ல தச்சி தரேன்'னான். பாசம் தான், ஆனா இந்த எடைக்கு லெதர் பாரம், அதுவும் குரோம் கெமிக்கல் போட்டு பதனிட்ட தோல கிளி மென்னுகினு இருந்தா நான் எங்க போவேன்.

ரெக்கைய வெட்டிட்டா போதுமேன்னு சொல்றவங்களுக்கு: வெட்டின கிளியும் நல்ல காத்து கெடச்சா மேல ஏறிடும். ஹார்னஸ் போட்டாலும் லீஷ் கைல தான் இருக்கணும், எங்கயும் கட்டிப் போடாதீங்க. கோட்டை அகழி பக்கம் பருந்து சுத்திகினே இருக்கும், அதனால நான் பாலாறு ஓரமா மரம் இருக்கற இடமா பாத்து கூட்டிட்டுப் போறேன். நம்மூர் வெயில் தெரியும்ல, ஏப்ரல் மே மாசம் காலைல ஏழு மணிக்குள்ள வீடு திரும்பிடணும், வாய தொறந்து ரெக்கைய தூக்கி வெச்சிகினு மூச்சு வாங்கினா உடனே நிழல், தண்ணி.

வெளிய போனா நாலு பேரு கேப்பாங்க, அதனால பரிவேஷ் போர்ட்டல்ல (மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட வெப்சைட்) வெளிநாட்டுக் கிளிய 2024 விதிப்படி பதிவு பண்ண பேப்பர போன்லயே வெச்சிருக்கேன். நம்ம ஊர் பச்சைக்கிளிக்கு எந்த சைஸ்னு என்கிட்ட கேக்காதீங்க, அத வீட்ல வெச்சிருக்கறதே 1972 வனவிலங்கு சட்டப்படி குத்தம்.

ஏவியேட்டருக்கு அஞ்சுக்கு நாலு, வெலைக்காக ஒண்ணு கட். பக்கிள் டைப்புக்கு ஒண்ணு, அதுவும் பார்சல் சீக்கிரம் வந்ததுக்கு. பட்ஜிக்கு (நம்மூர் கடைல லவ் பேர்ட்ஸ்னு விக்கற குட்டிக் கிளி) யாரும் ஹார்னஸ் வாங்காதீங்க, முப்பது நாப்பது கிராம் பறவைக்கு அது தேவையில்லாத இம்சை, சின்ன கூண்டோட மொட்டை மாடிக்கு தூக்கிட்டுப் போனா போதும்.