பாண்டாக்கோடு இரண்டு ஆண்டுகள்: மார்க்டவுனுக்கு மாறிய ஆவணங்களைச் சரிபார்த்த அனுபவம்

ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் என்ற குறியீட்டு வடிவில் இருந்த எங்கள் மென்பொருள் ஆவணங்களை மார்க்டவுன் என்ற இன்னொரு வடிவுக்குக் கொண்டுவர, ஆவண வடிவங்களை மாற்றித்தரும் பாண்டாக் என்ற கருவியை இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். மாற்றுவது நொடி வேலை. மாறியது சரியா என்று பார்ப்பதில்தான் நாட்கள் போகின்றன.

முதல் கோப்பின் டிஃப்பை, அதாவது பழையதும் புதியதும் எங்கே வேறுபடுகின்றன என்று காட்டும் ஒப்பீட்டைத் திறந்ததும் திகைத்துப்போனேன். ஒரு சொல்கூட மாறாத பத்தியும் முழுக்கச் சிவப்பும் பச்சையுமாக இருந்தது. பாண்டாக் மூலக் கோப்பைத் திருத்துவதில்லை. அதைப் படித்து உள்ளே ஒரு மர அமைப்பாக வைத்துக்கொண்டு, புதிதாக எழுதித் தருகிறது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் 72 எழுத்துக்குள் வரியை மடித்துவிடும். வரி மடிப்பைத் தீர்மானிக்கும் ராப் அமைப்பை ப்ரிசர்வ் (இருந்தபடியே விடு) என்று மாற்றியதும் பெரும்பாலான குழப்பம் அடங்கியது. மீதிக்கு, கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் சொல் சொல்லாக ஒப்பிடும் வேர்ட்-டிஃப் கைகொடுத்தது.

என்னை உண்மையில் கவலைப்படுத்தியது ஓசையில்லாமல் போன இணைப்புகள்தான். பழைய கோப்புகளில் ரெஃப் என்ற குறியை வைத்து மற்ற பக்கங்களுக்கு இணைப்பு கொடுத்திருந்தோம். அது, ஆவணங்களைத் தளமாக ஆக்கித்தரும் ஸ்பிங்க்ஸ் கருவிக்கே உரிய குறி. கிட்ஹப் வகை மார்க்டவுனாக மாற்றும்போது குறி உதிர்ந்து, உள்ளே இருந்த சொல் மட்டும் பேக்டிக் (`) குறிகளுக்குள் நிற்கிறது. திரையில் பார்த்தால் அழகான குறிமுறைச் சொல் மாதிரியே இருக்கும். கோப்புகளைத் தளமாக உருவாக்கும் பில்டும் எச்சரிக்காது, உடைந்த இணைப்பு இருந்தால்தானே எச்சரிக்க, இங்கே இணைப்பே இல்லை. நிறுவும் முறை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு பயனர் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. அன்றிலிருந்து மாற்றுவதற்கு முன் ரெஃப் குறிகளையும், மாற்றிய பின் இணைப்புகளையும் எண்ணிப் பார்க்காமல் எதையும் ஏற்பதில்லை.

இன்னொன்று இரட்டை இடைக்கோடு. பேக்டிக் போடாமல் பத்தி நடுவில் எழுதியிருந்த கட்டளை விருப்பங்களில், புதிய தளத்தின் அச்சுத் திருத்தம் -- என்பதை ஒற்றை நீள்கோடாக (–) ஆக்கிவிட்டது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. நகலெடுத்து டெர்மினலில் ஒட்டினால் பிழை வரும். மூலக் கோப்பின் டிஃப்பில் இது தெரியவே தெரியாது. அதனால் பழைய பில்டையும் புதிய பில்டையும் வெறும் உரையாக்கி ஒப்பிடுகிறேன். நான் செய்ததிலேயே அதிகம் பலன் தந்தது இதுதான்.

கருவி மாற்றியதை ஒரு கமிட்டிலும் (கிட்டில் சேர்த்துப் பதியும் ஒரு மாற்றத் தொகுப்பு), நாங்கள் கையால் திருத்தியதை அடுத்த கமிட்டிலும் வைக்கிறோம். சரிபார்ப்பவர் இரண்டாவதை வரி வரியாகப் படித்தால் போதும்.

பல வரிகள் கொண்ட கட்டங்கள் உள்ள அட்டவணைகள் எச்டிஎம்எல்லாக வந்து விழுகின்றன. அவற்றை இன்றும் பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் அருகருகே வைத்துக் கண்ணால்தான் பார்க்கிறேன்.