லீன் (Lean) முறையா, சிக்ஸ் சிக்மா (Six Sigma) முறையா?

திருப்பூர் பனியன் கம்பெனியிலோ கோவை ஃபவுண்டரியிலோ ஆய்வு செய்யப் போகிறவர்கள், உற்பத்தியை மேம்படுத்தும் இந்த இரண்டு முறைகளில் எதை எடுப்பது என்பதில்தான் தடுமாறுகிறார்கள்.

பிறப்பு: லீன், டொயோட்டாவின் உற்பத்தி முறையிலிருந்து வந்தது. சிக்ஸ் சிக்மா, 1986-இல் மோட்டோரோலாவில்.

நோக்கம்: லீன் காத்திருப்பையும் தேக்கத்தையும் குறைக்கும். சிக்ஸ் சிக்மா தரத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும்; குறை நேரக்கூடிய பத்து லட்சம் வாய்ப்புகளில் 3.4 குறைக்கு மேல் வரக்கூடாது என்பது இலக்கு.

தரவு: லீனைத் தொடங்க ஸ்டாப்வாட்சும் நோட்டும் போதும். ஆனால் லைனில் நாள்கணக்கில் நிற்க வேண்டும், டெய்லர் அக்காக்களிடம் பேச வேண்டும். அதைத் தவிர்த்து எழுதிய ஆய்வை நான் நம்புவதில்லை. சிக்ஸ் சிக்மாவுக்குப் பல மாதப் பதிவுகளும் புள்ளியியலும் வேண்டும்.

தையல் பிரிவில் கட்டுக்கட்டாகத் துணி தேங்குகிறதா? சரி, லீன். வார்ப்பில் காரணம் புரியாமல் ப்ளோ ஹோல் (வாயு சிக்கி உண்டாகும் ஓட்டை) வந்துகொண்டே இருக்கிறது, ரிஜெக்‌ஷன் பதிவும் ஒழுங்காக இருக்கிறது என்றால் சிக்ஸ் சிக்மா.